வானொலியின் ஒரு நாள்

பலரின் நலத்திற்காக, பலரின் இன்பத்திற்காக. அகில இந்திய வானொலி தன் குறிக்கோளாக ஏற்றுக்கொண்ட வடமொழித் தொடரின் பொருள் இது. படிப்பதற்கு எளிதாகத் தோன்றும் இத்தொடருக்குள் ஒரு சிக்கல் மறைந்துள்ளது. நலமும் இன்பமும் எந்நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. கேட்பவர் விரும்புவது ஒன்றாகவும், அவர் கேட்டால் நல்லது என்று நிலையத்தார் கருதுவது வேறொன்றாகவும் இருக்கக்கூடும். இன்று விரல் நுனியில் எத்தனையோ அலைவரிசைகள் உள்ளன. பிடிக்காததைத் தள்ளிவிட்டுப் பிடித்ததை நாடலாம். தொலைக்காட்சி பரவாத காலத்தில், ஓர் ஊரில் தெளிவாகக் கேட்பவை ஒன்றிரண்டு அலைவரிசைகளே. செவ்விசை, கிரிக்கெட் வருணனை, உழவருக்கான உரை ஆகிய அனைத்தும் அந்த ஒரே வழியில்தான் சென்றாக வேண்டும். எதற்கு எவ்வளவு நேரம் என்பதை யாரேனும் ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவைப் பற்றி நாட்டில் நடந்த வழக்குகள் பல.

பண்டைத் தமிழர் ஒரு நாளை வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தனர். வானொலியின் ஒரு நாளையும் ஏறக்குறைய அந்த வரிசையிலேயே காணலாம். இங்குக் கூறப்படும் நிகழ்ச்சிகள் ஒரே தேதியில் நிகழ்ந்தவை அல்ல. 1930களுக்கும் 1970களுக்கும் இடையில், நாட்டின் வெவ்வேறு நிலையங்களில் நிகழ்ந்தவை. அவை யாவும் சேர்ந்ததே இந்த ஒரு நாள்.

வைகறை

நிலையம் திறக்கும்முன் ஒரு சிறிய இசைத்துணுக்கு ஒலிக்கும். தம்புராவின் சுருதிமேல் வயலின் எழும் அந்த முகப்பிசை, சிவரஞ்சனி இராகத்தின் சாயல் உடையது. 1930களில் அதனை ஆக்கியவர் வால்டர் காஃப்மன் என்பது பெரும்பாலோர் கருத்து. செக் நாட்டைச் சேர்ந்த யூதரான அவர், ஐரோப்பாவில் நாட்சிகளின் கொடுமை வளர்ந்தபோது 1934 இல் மும்பைக்கு வந்து சேர்ந்தார். பின்னர் அந்நகர வானொலி நிலையத்தில் மேலையிசைப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். ஏதிலியாக வந்த ஒருவரின் இசை, தலைமுறை தலைமுறையாக இந்நாட்டு வீடுகளின் காலையைத் திறந்து வைத்தது. அதனைக் கேட்டு எழுந்தவர்களில் மிகப் பலர் அவர் பெயரை அறிந்ததே இல்லை.

ஆண்டில் ஒரு நாள் மட்டும் கொல்கத்தா நிலையம் இன்னும் முன்னதாக, விடியற்காலை நான்கு மணிக்கே விழித்துக்கொள்ளும். அது மகாளய நாள். தேவி மகிடாசுரனை வென்ற கதையைப் பாடலும் பாராயணமுமாகக் கூறும் ‘மகிஷாசுரமர்தினி’ அன்று ஒலிபரப்பாகும். 1930களின் தொடக்கத்தில் உருவான இந்நிகழ்ச்சிக்கு உரை எழுதியவர் பாணிகுமார். இசையமைத்தவர் பங்கஜ் மல்லிக். பாராயணம் செய்தவர் பீரேந்திர கிருஷ்ண பத்ரா. தொடக்க ஆண்டுகளில் கலைஞர்கள் அனைவரும் நள்ளிரவிலேயே நிலையத்திற்கு வந்து நேரடியாகப் பாடினர். பதிவு செய்து ஒலிபரப்பும் வழக்கம் பின்னரே வந்தது. வங்காளத்தில் துர்க்கை பூசை தொடங்கியதற்கு அடையாளம் நாட்காட்டி அன்று, பத்ராவின் குரல் என்று சொல்லும் அளவுக்கு அது மக்கள் வாழ்வில் கலந்தது.

1976 இல் நிலையத்தார் ஒரு மாற்றம் செய்தனர். பழைய நிகழ்ச்சிக்கு மாறாகப் புதிய நிகழ்ச்சி ஒன்றை ஆயத்தம் செய்து, வங்காளத் திரையுலகின் மிகப் பெரிய நடிகரான உத்தம் குமாரைப் பாராயணம் செய்ய வைத்தனர். மக்கள் புகழ்பெற்ற நடிகரின் குரலை மகிழ்ந்து வரவேற்பர் என்பது அவர்கள் எண்ணம். நடந்தது வேறு. நான்கு மணிக்கு வானொலியைத் திருப்பியவர்கள் தங்களுக்கு உரிய ஒன்றை யாரோ எடுத்துக்கொண்டது போல் சினந்தனர். எதிர்ப்பு வலுத்தது. அவ்வாண்டுப் பூசைக் காலத்திலேயே பழைய ஒலிப்பதிவை மீண்டும் ஒலிபரப்ப வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு முதல் பத்ராவின் குரலே மகாளய வைகறைக்குத் திரும்பியது. உத்தம் குமாரின் மீது மக்களுக்கு இருந்த அன்பு அதனால் குறையவில்லை என்பதும் கருதத்தக்கது. திரையில் அவரை விரும்பியவர்களே வைகறையில் அவரை விரும்பவில்லை. நிகழ்ச்சியை அமைத்தவர்கள் கணக்கில் கொள்ளாதது அதனைத்தான்.

காலை

காலைச் செய்திக்குப் பின் செவ்விசை. வானொலி வருவதற்கு முன்பு இந்த இசையைக் கேட்க அரண்மனையிலோ, கோயிலிலோ, செல்வர் மாளிகையிலோ, நுழைவுச்சீட்டு வாங்கிச் சபையிலோ இடம் பெற வேண்டும். வானொலி அந்த வாயில்களைத் திறந்தது. சென்னையில் 1924 இல் தொடங்கிய மாகாண வானொலிக் கழகம் பொருள் முடையால் 1927 இல் நின்றுபோயிற்று; 1930 முதல் மாநகராட்சி அப்பணியைத் தொடர்ந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 இலும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 இலும் தொடங்கின. தேநீர்க்கடையின் வானொலிப் பெட்டிக்கு முன் நின்றவரும் பெரும் வித்துவான்களின் ஆலாபனையைக் கேட்க முடிந்தது.

ஆனால் அந்த இசை ஒரு புதிய ஆசானுக்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது. அந்த ஆசான் கடிகாரம். கோயில் திருவிழாவில் இரவு முழுதும் நாகசுரம் வாசித்தவர், ஒலிபரப்பு அறையில் அரை மணியில் முடிக்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் தொடங்க வேண்டும். அது அணையுமுன் மங்களம் பாடிவிட வேண்டும். அவைக்கு முன் பாடிப் பழகியவருக்கு எதிரே தலையாட்டும் சுவைஞர் எவரும் இல்லை. சுவர்களும் ஒலிவாங்கியும் மட்டுமே. பக்கத்தில் அமர்ந்து வயலினும் மிருதங்கமும் வாசிப்போர் பெரும்பாலும் ‘நிலைய வித்துவான்’கள். மாதச் சம்பளம் பெற்று, இன்று ஒருவருக்கும் நாளை மற்றொருவருக்கும் பக்கவாத்தியம் வாசிக்கும் இக்கலைஞர்களின் பெயரைக் கேட்டவர் நினைவில் வைத்ததில்லை. புரவலரான அரசர்கள் மறைந்துகொண்டிருந்த காலத்தில், கலைஞர் குடும்பங்கள் பலவற்றுக்கு அச்சம்பளமே நிலையான வாழ்வு தந்தது.

யார் பாடலாம் என்பது அடுத்த கேள்வி. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில், மாளிகைகளில் பாடிவந்த பரம்பரையைச் சேர்ந்த பாடகியர் சிலருக்கு அவர்களுடைய தனி வாழ்வைக் காரணம் காட்டிக் கதவு அடைக்கப்பட்டது. வானொலியின் தொடக்க ஆண்டுகளில் அதன் இசை நேரத்தைப் பெரிதும் நிரப்பியவர்களுள் அத்தகைய பாடகியரும் இருந்தனர். 1950களில் குரல் தேர்வுமுறை இறுக்கம் பெற்றது. பாடுபவரின் முகத்தைக் காணாமல், குரலை மட்டும் கேட்டுத் தேர்வுக்குழு தரம் பிரித்தது. குலமும் செல்வாக்கும் பாராமல் திறமை மட்டும் கருதப்படும் என்பது அதன் நோக்கம்; அது நல்ல நோக்கமே. ஆயினும் ஐம்பது ஆண்டுகள் பாடிய முதியவர் ஒருவர் மாணவரைப் போல் தேர்வுக்கு அமர்வதா என்று மூத்த கலைஞர் பலர் வெகுண்டனர். அவர்கள் வெகுண்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

தடை மனிதருக்கு மட்டும் அன்று, ஒரு கருவிக்கும் வந்தது. 1940 மார்ச் முதல் ஆர்மோனியம் வானொலியில் ஒலிக்கக் கூடாது என்று ஆணை பிறந்தது. ஆர்மோனியத்தின் ஒவ்வொரு கட்டையும் ஒரே நிலையான சுரத்தை எழுப்பும். ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்திற்கு வழுக்கிச் செல்லும் கமகமும், இரு சுரங்களுக்கு இடைப்பட்ட நுண்சுருதியும் அதில் எழுவதில்லை. ஆகவே அது இந்திய இசையைக் கெடுக்கும் என்பது வாதம். வெளிநாட்டிலிருந்து வந்த கருவி என்ற குறையும் கூறப்பட்டது. வயலினும் அவ்வாறு வந்ததே என்பதை ஏனோ எவரும் பொருட்படுத்தவில்லை. வானொலியில் வாய்மூடியிருந்த அந்த ஆண்டுகளிலும் கஜல், கவ்வாலி, பஜனை அரங்குகளில் ஆர்மோனியம் தடையின்றி முழங்கியது. 1971 வரை, ஏறக்குறைய முப்பத்தோர் ஆண்டுகள், அத்தடை நீடித்தது.

நண்பகல்

நாட்டின் பல நிலையங்களில் நண்பகல் அமைதியான நேரம். காலை ஒலிபரப்பு முடிந்து, உணவு வேளை ஒலிபரப்பும் முடிந்தால், மாலை வரை பெட்டி வாய் திறவாது. கிரிக்கெட் ஆட்டம் நடக்கும் நாட்களில் மட்டும் இந்த ஒழுங்கு குலையும். காலை முதல் மாலை வரை அலைவரிசை ஒன்று விளையாட்டிடம் சென்றுவிடும். வழக்கமான நிகழ்ச்சிகள் இடம் மாறும், அல்லது நின்றுபோகும்.

வருணனையாளருள் முன்னோடி ஏ. எஃப். எஸ். தல்யார்கான். 1930களில் மும்பை ஆட்டங்களை வருணித்த அவர், காலை முதல் ஆட்டம் முடியும் வரை தாம் ஒருவரே பேசுவார். இடையில் மற்றொருவருக்கு ஒலிவாங்கியைத் தரமாட்டார். பலர் மாறி மாறி வருணிக்கும் முறையை வானொலி கொண்டுவந்தபோது, அதற்கு உடன்படாமல் அவர் விலகிக்கொண்டார். ஒரே குரலில் ஒரு நாள் முழுதும் ஓர் ஆட்டத்தைக் கேட்பது என்பது இன்று எண்ணிப் பார்க்கவே கடினம்.

வருணனை எளிய கலை அன்று. மைதானத்தில் இருப்பவர் ஒரே பார்வையில் காண்பதை வருணனையாளர் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்ல வேண்டும். அதுவும் அடுத்த பந்து வீசப்படும் முன் சொல்லி முடிக்க வேண்டும். எத்தனை ஓட்டம், எத்தனை விக்கெட், யார் மட்டை பிடிக்கிறார் என்பதை இடையிடையே மீண்டும் கூற வேண்டும். ஏனெனில் அந்தக் கணத்தில்தான் யாரோ ஒருவர் சாலையில் நின்று, கடைக்காரரின் டிரான்சிஸ்டரை நோக்கிக் காதைத் திருப்புகிறார்.

1975 ஜனவரி 11, சனிக்கிழமை. சென்னை சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகள் அணியுடன் டெஸ்ட் ஆட்டத்தின் முதல் நாள். ஆண்டி ராபர்ட்சின் வேகத்திற்கு இந்திய ஆட்டக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தனர். குண்டப்பா விசுவநாத் மட்டும் நிலைத்து நின்றார். குள்ளமான உருவம், வேகப்பந்தை மணிக்கட்டின் திருப்பத்தால் வெட்டி எல்லைக்கு அனுப்பும் நயம். ஒன்பது விக்கெட்டுகள் போய், கடைசி ஆட்டக்காரரான சந்திரசேகர் வந்தார். மட்டை பிடிப்பதில் சந்திரசேகருக்கு இருந்த திறமையைக் கேட்பவர் அனைவரும் அறிவர். ஆகவே ஒவ்வொரு பந்துக்கும் நாடு மூச்சை அடக்கியது. விசுவநாத் 97 ஓட்டங்களை எடுத்திருந்தபோது சந்திரசேகர் ஆட்டமிழந்தார். மூன்று ஓட்டங்கள் குறைவு. இந்தியா 190 ஓட்டங்களில் முடிந்தது; ராபர்ட்ஸ் 64 ஓட்டங்களுக்கு ஏழு விக்கெட்டுகள். அந்த ஆட்டத்தை இறுதியில் இந்தியா 100 ஓட்ட வேறுபாட்டில் வென்றது.

அன்றைய சேப்பாக்கத்தில் இருந்தவர்கள் சில பதினாயிரவர். அந்த 97 ஓட்டங்களை நினைவில் சுமந்தவர்களோ அதனினும் மிகப் பலர். அவர்கள் அனைவரும் அதனைச் செவியால் கண்டவர்கள். அதே ஆண்டு மார்ச் 15 அன்று கோலாலம்பூரில் இந்தியா பாகிஸ்தானை 2-1 என்ற கணக்கில் வென்று உலகக் கோப்பை ஹாக்கிப் பட்டம் பெற்றது. அந்த வெற்றி ஜஸ்தேவ் சிங்கின் இந்தி வருணனை வழியாக நாட்டின் தெருக்களுக்கு வந்து சேர்ந்தது. செவ்விசைக்கு உரிய நேரத்தை விளையாட்டு விழுங்குகிறது என்று இசைச் சுவைஞர் வருந்துவது உண்டு. ஆனால் நலமும் இன்பமும் சண்டையின்றி ஒன்றுசேர்ந்த நேரம் ஏதேனும் வானொலியில் உண்டெனில், அது இத்தகைய பிற்பகல்களாகவே இருக்கும்.

மாலை

எற்பாடு சாய்ந்து மாலை வரும். உழவர் வீடு திரும்பும் நேரம். இப்போது உரைகளுக்கு முறை.

‘உரை’ என்றாலே சலிப்பு என்று கருதியவர்கள் அன்றும் இருந்தனர். அறிஞர் ஒருவர் எழுதிவந்த தாளைப் பத்து நிமிடம் வாசிப்பார். கேட்பவர் ஐந்தாம் நிமிடத்தில் எழுந்து செல்வார். வானொலி இக்குறையை உணர்ந்தே இருந்தது. 1955 இல் தொடங்கிய சர்தார் பட்டேல் நினைவுச் சொற்பொழிவு போன்ற பெரிய வரிசைகள் உயர்ந்தவை. முதல் சொற்பொழிவை நிகழ்த்தியவர் இராஜாஜி. ஆனால் அவை படித்தவர்களுக்கு உரியவை. படிக்காதவரிடம் பேசுவது எவ்வாறு?

1956 இல் புணே நிலையம் ஒரு சோதனையை மேற்கொண்டது. மராத்தி பேசும் ஐந்து மாவட்டங்களில் 150 சிற்றூர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒவ்வோர் ஊரிலும் உழவர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. குழுவினர் கிழமைக்கு இரு மாலைகள் கூடி நிகழ்ச்சியைக் கேட்பர். கேட்டபின் பெட்டியை அணைத்துவிட்டுத் தமக்குள் விவாதிப்பர். உரம் இடுவது, கிணறு வெட்டுவது, கோழி வளர்ப்பது என எதுவாயினும் இது நம் ஊருக்குப் பொருந்துமா என்று ஆராய்வர். எழும் ஐயங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்புவர். அவற்றுக்கு அடுத்த நிகழ்ச்சிகளில் விடை வரும். ஒருவர் பேசப் பலர் கேட்பது என்றிருந்த வானொலி, இங்குப் பலர் பேசத் தான் கேட்கும் நிலைக்கு வந்தது. ‘வானொலிக் கிராம அரங்கம்’ எனப்பட்ட இம்முறை பின்னர் நாட்டின் பிற பகுதிகளுக்கும் சென்றது. சென்ற இடமெல்லாம் அதே உயிர்ப்புடன் இருந்தது என்று சொல்வதற்கில்லை. கடிதத்திற்கு விடை வரும் வரைதான் அரங்கம் அரங்கமாக இருக்கும்.

தமிழ்நாட்டில் ஒரு நெல்லுக்கே வானொலியின் பெயர் வந்தது. 1960களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 என்னும் குறுகிய காலப் பயிர் தஞ்சை மாவட்டத்தில் பரவியது. அதன் சாகுபடி முறையைத் திருச்சி வானொலி நிலையம் பண்ணை நிகழ்ச்சிகளில் விளக்கிற்று. எண்ணைக் குறிப்பிட்டுப் பெயர் சொல்வது உழவருக்கு இயல்பாக வரவில்லை. எங்குக் கேட்டோமோ அதன் பெயரையே சூட்டினர். அது ‘ரேடியோ நெல்’ ஆயிற்று. உரை கேட்டு ஐந்தாம் நிமிடத்தில் எழுந்துபோனவர்களைப் பற்றிய குறைக்கு இதனினும் நல்ல மறுமொழி இல்லை.

கல்விக்கான உரைகளிலும் தமிழ் எழுத்தாளர் பலர் உழைத்தனர். இசை பயிலும் இளைஞனை மையமாகக் கொண்ட ‘மோகமுள்’ நாவலை எழுதிய தி. ஜானகிராமன், வானொலியின் கல்வி ஒலிபரப்புப் பிரிவில் சென்னையிலும் பின்னர் தில்லியிலும் பணியாற்றியவர்.

மாலை முதிரும்போது வீட்டில் ஒரு சிறு பூசல் எழும். பெரியவர் உள்ளூர் நிலையத்தில் கச்சேரி கேட்க விரும்புவார். இளையவர் கை மெல்ல அலைவரிசைத் திருகைத் தேடும். அது தேடுவது இலங்கையை. 1952 இல் ஒன்றிய செய்தி ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சரானவர் பி. வி. கேஸ்கர். தாமே இந்துஸ்தானி இசை பயின்றவரான அவர், திரைப்படப் பாடல்கள் மக்களின் இசைச்சுவையைத் தாழ்த்துகின்றன என்று கருதினார். வானொலியில் அவற்றின் நேரம் குறைக்கப்பட்டது. படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரம் ஆகும் என்று அதுவும் நிறுத்தப்பட்டது. தயாரிப்பாளர்கள் ஒலிபரப்பும் உரிமையைத் திரும்பப் பெற்றனர். திரைப்பாடல் நாட்டின் வானொலியிலிருந்து ஏறக்குறைய மறைந்தது.

பாடல் மறைந்ததேயன்றி விருப்பம் மறையவில்லை. கொழும்பிலிருந்து ஒலிபரப்பிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவை அவ்விருப்பத்தை அப்படியே வாங்கிக்கொண்டது. 1952 டிசம்பரில் அங்கிருந்து தொடங்கிய ‘பினாக்கா கீத்மாலா’ என்னும் இந்திப் பாடல் நிகழ்ச்சியும் அதனை வழங்கிய அமீன் சயானியின் குரலும் வட இந்தியாவைக் கட்டிப்போட்டன. தமிழகத்தில் எஸ். பி. மயில்வாகனத்தின் அறிவிப்புக்குக் காத்திருந்தோர் ஏராளம். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1957 அக்டோபர் 3 அன்று, மெல்லிசைக்கும் திரைப்பாடலுக்குமாக ‘விவித பாரதி’ என்னும் தனிச் சேவையை அகில இந்திய வானொலியே தொடங்கியது.

கேஸ்கர் தோற்றார் என்று சொல்வது எளிது. திரைப்பாடலைப் பொறுத்தவரை அது உண்மையே. ஒருவர் செவியை மற்றொருவர் பூட்டிவைக்க முடியாது. பக்கத்து நாட்டில் ஓர் அலைபரப்பி இருந்தால் முடியவே முடியாது. ஆனால் அவர் பூட்டியவற்றோடு, திறந்தவற்றையும் எண்ண வேண்டும்.

யாமம்

இரவில் நடுத்தர அலை பகலைவிட நெடுந்தொலைவு செல்லும். பகல் முழுதும் கதிரவனின் ஒளியால் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னூட்டம் பெற்ற அடுக்கு ஒன்று உருவாகி அலைகளை உறிஞ்சிவிடுகிறது. இருள் வந்ததும் அவ்வடுக்கு மறைகிறது. அதற்கும் மேலுள்ள அடுக்கில் பட்டு அலைகள் தொலைவிலுள்ள நிலத்திற்குத் திரும்பி வருகின்றன. ஆகவே யாமத்தில் சிற்றூரின் பெட்டியிலும் தொலைநகரங்களின் குரல் கேட்கும். சில நேரம் தெளிவாக, சில நேரம் அலைபோல் ஏறியும் இறங்கியும்.

கேஸ்கரின் காலத்தில்தான், 1952 ஜூலை 20 அன்று, தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கியது. அதே ஆண்டு தில்லியில் ரவிசங்கர், டி. கே. ஜெயராம ஐயர் ஆகியோர் பொறுப்பில் ‘வாத்திய விருந்தா’ என்னும் பல்லியக் குழு அமைந்தது. 1954 இல் வானொலி இசை மாநாடு வந்தது. தேசிய நிகழ்ச்சியின் சிறப்பு அதன் நீளமும் பரப்பும். அரை மணிக்குள் அடங்கிய கலைஞருக்கு இங்கு ஒன்றரை மணி நேரம் கிடைத்தது. இராகத்தை நின்று நிதானமாக விரிக்கலாம். தில்லியிலிருந்து வரும் ஒலியை நாட்டின் எல்லா நிலையங்களும் ஒரே நேரத்தில் வாங்கி ஒலிபரப்பின. ஒரு வாரம் இந்துஸ்தானி இசை என்றால் மற்றொரு வாரம் கருநாடக இசை. வாரணாசியில் ஒருவர் தோடி இராக ஆலாபனையைத் தம் வாழ்வில் முதன்முறையாகக் கேட்டது இதன் வழியாக இருக்கலாம். அவர் அறிந்த தோடியும் இந்தத் தோடியும் பெயரில் மட்டுமே ஒன்று என்று கண்டு வியந்தும் இருக்கலாம். கும்பகோணத்தில் ஒருவர், ஒரே இராகத்தில் இவ்வளவு மெதுவாக எதைத் தேடுகிறார் என்று அலுத்து, பெட்டியை அணைத்தும் இருக்கலாம். அணைத்தவரும் கேட்டவரே, சில நிமிடங்களாவது கேட்டவர்.

சேப்பாக்கத்தில் விசுவநாத் 97 ஓட்டங்களுடன் நின்ற நாளும் சனிக்கிழமை. சனிக்கிழமை இரவு தேசிய இசை நிகழ்ச்சிக்கு உரியது. பகலில் ஓட்டக் கணக்குச் சொன்ன பெட்டியைச் சுற்றியிருந்த கூட்டம் அப்போது கலைந்துபோயிருக்கும். ஒன்பதரை மணிக்கு அறிவிப்பாளரின் குரல், பின்னர் தம்புரா. வீட்டில் மற்றவர் உறங்கியபின், ஒலியைக் குறைத்து, பெட்டியின் அருகே காதை வைத்து ஒருவர் அமர்ந்திருப்பார். நிகழ்ச்சி முடிந்து அவர் திருகைத் திருப்பும்போது, அலைவரிசை எண்கள் எழுதிய கண்ணாடிக்குப் பின்னுள்ள சிறிய மஞ்சள் விளக்கு அணையும்.

சொல்லும் பொருளும்

அலைவரிசை: நிலையம் ஒலிபரப்பும் வழி. ஏதிலி: அடைக்கலம் தேடி வந்தவர். எற்பாடு: கதிரவன் சாயும் பிற்பகல். கமகம்: சுரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடும் அழகு. பல்லியம்: பல இசைக்கருவிகள் சேர்ந்து ஒலிப்பது. முடை: தட்டுப்பாடு. யாமம்: நள்ளிரவுப் பொழுது.

விடை எழுதுக

1. 1976 இல் கொல்கத்தா நிலையம் செய்த மாற்றத்தை மக்கள் ஏன் ஏற்கவில்லை?

2. ஆர்மோனியத்திற்கு எதிராகக் கூறப்பட்ட காரணங்கள் யாவை? அவற்றுள் எது உமக்கு வலுவாகத் தோன்றுகிறது? ஏன்?

3. புணே நிலையத்தின் சோதனை, வழக்கமான வானொலி உரையிலிருந்து எவ்வாறு வேறுபட்டது?

4. ‘அணைத்தவரும் கேட்டவரே’ என்னும் தொடரின் பொருளை உம் சொற்களில் விளக்குக.

மொழிப்பயிற்சி

‘ஒலிபரப்பு’ என்பது ஒலி, பரப்பு ஆகிய இரு சொற்கள் சேர்ந்து உருவானது. இதுபோல் பாடத்தில் வரும் கூட்டுச்சொற்கள் ஐந்தனை எடுத்து எழுதிப் பிரித்துக் காட்டுக.

செயல்பாடு

பள்ளி மைதானத்தில் நடைபெறும் ஆட்டம் ஒன்றை, அதனைக் காணாத நண்பருக்கு ஐந்து நிமிடம் தமிழில் வருணித்துக் கூறுக. அவர் மனத்தில் கண்டதைப் படமாக வரையச் செய்து, நடந்த ஆட்டத்துடன் ஒப்பிடுக.